ரவுண்டு ஓடினால் ஹாக்கி வந்துவிடுமா?

விளையாட்டில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிடும். தாமதமாக வந்தால் ஐந்து ரவுண்டு. சேட்டை பண்ணினால் பத்து. மேட்ச் தோற்றால், சார் விசில் அடிக்கிற வரைக்கும். தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் விடிகாலையில் பள்ளி மைதானங்களைப் பார்த்துக்கொண்டே போனால் இதுதான் கண்ணில் படும். கிரவுண்டைச் சுற்றி ஒரு வரிசை ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டிக்குகள் எல்லாம் வேப்பமரத்தடியில் கிடக்கும்.

நானும் அப்படி ஓடி வளர்ந்தவன்தான். பள்ளி, கல்லூரி என்று கொஞ்ச காலம் ஹாக்கி ஆடி, பிறகு உடற்கல்வி படித்து, இப்போது காலை வேளையில் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்கிறேன். "பையனுக்கு ஸ்டாமினா பத்தல சார், நாலு ரவுண்டு சேர்த்து ஓடவிடுங்க" என்று பெற்றோர் வந்து சொல்லும்போது நின்று விளக்க நேரம் இருப்பதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஆட்டத்தையே பார்ப்போம். சர்வதேச ஹாக்கியில் முன்பு 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. 2014க்குப் பிறகு 15 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். ஆளை மாற்றுவதற்குக் கணக்கு வழக்கே கிடையாது. ஒரு ஃபார்வர்டு ஐந்தாறு நிமிடம் வெறிகொண்டு ஆடுவார், வெளியே வந்து மூச்சு வாங்குவார், மறுபடி உள்ளே போவார். உள்ளே இருக்கும்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடப்பார், பக்கவாட்டில் நகர்வார், திடீரென்று பதினைந்து மீட்டர் பாய்வார், சடாரென்று நிற்பார், திரும்புவார், குனிந்து பந்தை எடுப்பார், மறுபடி பாய்வார். 91.4 மீட்டர் நீளத் தரையில் மொத்தமாகக் கூட்டினால் சில கிலோமீட்டர் வரும். ஆனால் கோல் விழுவதும் விழாததும் அந்தப் பாய்ச்சலிலும் நிறுத்தத்திலும்தான் இருக்கிறது.

ரவுண்டு ஓட்டம் இதில் எதைக் கற்றுத்தருகிறது? ஒரே வேகம், ஒரே திசை, நிமிர்ந்த முதுகு. அடிப்படை மூச்சுக்கு அது கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தினமும் அதையே செய்தால் பிள்ளை நன்றாக ரவுண்டு ஓடும். அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்ப்பதற்கு நான் யோ-யோ டெஸ்டைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கியது. 20 மீட்டர் போய், திரும்பி 20 மீட்டர் வந்து, பத்து நொடி ஓய்வு. மறுபடி ஓட்டம், வேகம் கூடிக்கொண்டே போகும். 20 மீட்டர் சமதரையும் போனில் ஒரு ஒலிப்பதிவும் போதும். ஓடு, நில், திரும்பு, மூச்சு வாங்கு, மறுபடி ஓடு. ஹாக்கியின் தாளம் இதில் இருக்கிறது. ரவுண்டில் எப்போதும் முதலாவதாக வரும் பையன் இதில் நடுவில் நின்றுவிடுவதும், ரவுண்டில் கடைசியாக வரும் குட்டையான பெண் இதில் தாக்குப்பிடிப்பதும் சகஜம்.

அடுத்தது குனிவு. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹாக்கி ஸ்டிக்கின் நீளம் ஏறக்குறைய மூன்றடி. பந்து தரையில். ஆகவே ஆட்டம் முழுக்க அரைக்குனிவில் இருந்தாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முதுகை வளைத்துக் குனிகிறார்கள். இடுப்பு பின்னால் போவதே இல்லை, முட்டியும் மடங்குவதில்லை. பதினைந்து வயதில் "முதுகு புடிச்சிக்கிது சார்" என்று வந்து நிற்கிறார்கள். வீட்டில் தைலம் தேய்த்து அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் மறுபடி வலி.

இதற்கு ஒரு எளிய பயிற்சி உண்டு. ஸ்டிக்கையே முதுகுத்தண்டோடு சேர்த்து நெட்டுக்குத்தலாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்தலை, மேல்முதுகு, அடிமுதுகுக்குக் கீழே வால் எலும்பு, மூன்று இடத்திலும் ஸ்டிக் தொட வேண்டும். இப்போது பின்னால் இருக்கும் சுவரைப் பிட்டத்தால் தொடப்போவதுபோல இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். ஸ்டிக் ஒரு இடத்தில் விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். முதல் நாள் பாதிப் பேருக்கு வராது, சிரித்துக்கொண்டே விழுவார்கள். சில வாரங்களில் தொடையின் பின்பக்கமும் பிட்டமும் வேலை செய்ய ஆரம்பிக்கும். பிறகு அதே குனிவில் பக்கவாட்டில் நகர்வது, அதே குனிவில் பந்தைத் தடுப்பது, அதே குனிவில் ஒற்றைக்காலில் நிற்பது. எடை எதுவும் இல்லை. வலிமைப் பயிற்சி என்றால் இரும்பைத் தூக்குவது என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

இரும்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "எடை தூக்கினா பையன் குட்டையாவே நின்னுருவான்" என்பது இந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் பரவிய நம்பிக்கை. சரியான மேற்பார்வையில், முறையாகச் செய்யும் வலிமைப் பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2020ல் வெளியிட்ட அறிக்கையிலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பருவம் எய்துமுன் பிள்ளைகளின் தசை பெரிதாவதில்லை. நரம்புகள்தான் தசையை ஒழுங்காக வேலைவாங்கப் பழகுகின்றன. அதனால்தான் அந்த வயதில் எத்தனை கிலோ என்பதைவிட எப்படிச் செய்கிறார்கள் என்பது முக்கியம். ஆபத்து எங்கே என்றால், பதினான்கு வயதுப் பையன் அண்ணனோடு ஜிம்முக்குப் போய், கண்ணாடி முன்னால் புஜத்துக்கும் மார்புக்கும் மட்டும் எடை அடித்து, புரோட்டீன் டப்பா வாங்கித் தரச் சொல்லி வீட்டில் சண்டை போடுவதில். அந்தப் பையனை ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழச் சொன்னால் தள்ளாடுவான். ஹாக்கி கேட்பது காலையும் இடுப்பையும் முதுகையும்தான்.

இந்திய ஹாக்கியின் கதையிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. 1980ல் நம் சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் கிடைத்தது. அதன் பிறகு நாற்பத்தொரு ஆண்டுகள் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. 2008 பீஜிங்குக்குத் தகுதிகூடப் பெறவில்லை. "நம்ம பசங்களுக்கு ஸ்கில் இருக்கு, பாடி இல்ல" என்று அந்தக் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். தரை வேகமானது, 1990களில் ஆள்மாற்று விதி தளர்ந்தது, ஆஃப்சைடு எடுக்கப்பட்டது, ஆட்டம் மேலும் மேலும் வேகமானது. நாம் ரவுண்டு ஓடிக்கொண்டிருந்தோம். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்கள் அணிக்கு ராபின் ஆர்கெல், பெண்கள் அணிக்கு வெய்ன் லோம்பார்டு என்று உடற்தகுதிக்கென்றே அறிவியல் ஆலோசகர்கள் இருந்தார்கள். ஆண்கள் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். பெண்கள் நான்காவது இடம். பாரிஸில் மறுபடி ஒரு வெண்கலம். பதக்கத்துக்கு உடற்தகுதி மட்டும் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் "பாடி இல்ல" என்ற பேச்சு அதன்பிறகு நின்றுபோனது.

இதெல்லாம் இந்திய அணியின் பெங்களூரு முகாமில் நடந்த கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். கோவில்பட்டியைப் பாருங்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன ஊர், ஹாக்கிக்கும் பேர்போனது. அங்கே லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும். செயற்கைத் தரை இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி இருக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் 2022ல் ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பிடித்தார்கள். ஜகார்த்தாவில் முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. அதில் இந்தியாவின் ஒரே கோல் கார்த்தி அடித்தது. மறு ஆண்டு சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராகவும் ஒரு கோல். விடுதி என்றால் தரை மட்டுமில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், ஒரே பயிற்சியாளர். எங்கள் பள்ளத்தாக்கில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லாதது இந்த மூன்றும்தான்.

கம்பம், கூடலூர், போடி பக்கத்தில் விடியுமுன் ஜீப்புகள் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி மலைக்கு ஏறும் ஜீப்புகள். அம்மா நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்து, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டில் இருக்கும் பெரிய பெண் அப்போதே எழுந்துவிடும். தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைக் கிளப்ப வேண்டும். ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரும்போது அந்தப் பிள்ளை எழுந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். வயிற்றில் ஒன்றும் இருக்காது. ராத்திரி படுத்ததோ பத்தரைக்கு. சனி, ஞாயிறில் திராட்சைத் தோட்டத்திலோ வாழைத் தோப்பிலோ வீட்டு வேலைக்குக் கைகொடுக்கும் பையன்களும் உண்டு. பந்தலுக்குக் கீழே கையை உயர்த்தியபடியே நாள் முழுக்க நின்றவனைத் திங்கட்கிழமை காலையில் தண்டால் எடுக்கச் சொன்னால் என்ன ஆகும்?

பயிற்சியின் சுமை என்பது மைதானத்துக்குள் நடப்பது மட்டுமில்லை. அதனால் நான் காலையில் முதலில் கேட்பது மூன்று கேள்வி. எத்தனை மணிக்குப் படுத்தே? என்ன சாப்பிட்ட? எங்கேயாவது வலிக்குதா? பதிலைப் பொறுத்து அன்றைய வேலை மாறும். ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கிய பிள்ளைக்கு அன்று பாய்ச்சல் ஓட்டமே கிடையாது. பந்தைத் தள்ளி வாங்கும் பயிற்சியோடு சரி. "இவளுக்கு மட்டும் ஏன் சார் லீவு?" என்று மற்றவர்கள் முறைப்பார்கள். முறைத்துக்கொள்ளட்டும். வந்தவுடனே ஒரு வாழைப்பழம் கையில் கொடுப்பதும் பயிற்சியின் பகுதிதான். வாழைக்குப் பஞ்சமா இந்த ஊரில்? சின்னமனூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டால் தார் கிடைக்கும்.

சரி, கருவி இல்லை, ஜிம் இல்லை, என்னதான் செய்வது? நம் தெரு விளையாட்டுகளில் பாதிப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. கிளித்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேலேயே நின்று, பக்கவாட்டில் மட்டும் நகர்ந்து, எதிரில் ஏமாற்றப் பார்க்கும் ஆளைத் தடுக்க வேண்டும். அகலக் கால், தாழ்ந்த இடுப்பு, ஆளின் இடுப்பைப் பார்க்கும் கண். ஹாக்கி டிஃபெண்டர் செய்வது இதையேதான். உள்ளே நுழைகிறவனுக்கோ பொய்யாக ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் பாயும் பழக்கம். கோன் வைத்து ஏணி விரித்துப் பிள்ளைகளை ஆடவைக்கும் பயிற்சிகளில் எதிராளி கிடையாது. கிளித்தட்டில் எதிராளி இருக்கிறான். உடம்போடு கண்ணும் மூளையும் சேர்ந்து ஓடும். எட்டு நிமிடம் ஆடினால் மூச்சு எங்கே போகிறது என்று தெரியாது. ஒரு பிள்ளையும் "போதும் சார்" என்று சொன்னதில்லை.

நொண்டி இன்னொன்று. ஒற்றைக்காலில் துரத்துவது கணுக்காலுக்கும் முட்டிக்கும் இடுப்புக்கும் சேர்த்து வலிமை தரும். இரண்டு காலிலும் மாறி மாறி ஆடச் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். விட்டால் எல்லோரும் வலதுகாலிலேயே ஆடுவார்கள். பச்சைக்குதிரை தாண்டும்போது சத்தமில்லாமல் இறங்கச் சொல்லுங்கள். பஸ்கியும் தண்டாலும் இருக்கவே இருக்கின்றன. என்ன கொடுமை என்றால், பஸ்கியையும் தோப்புக்கரணத்தையும் நாம் தண்டனையாக்கிவிட்டோம். தண்டனையாகச் செய்ததைப் பிள்ளை ஒருநாளும் ஒழுங்காகச் செய்யாது. எப்படியாவது எண்ணிக்கையை முடிக்கத்தான் பார்க்கும்.

இதோடு சேர்த்து நான் விடாமல் வைப்பது தொடைப் பின்தசைக்கான ஒரு பயிற்சி. ஒருவன் முட்டிபோட்டு நிற்க, இன்னொருவன் பின்னால் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, முன்பக்கமாக மெல்ல மெல்லச் சாய வேண்டும்; முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். வாரம் இரண்டு நாள், நாலைந்து முறை போதும். முதல் வாரமே அதிகம் செய்தால் மறுநாள் படி ஏற முடியாது.

ஆட்டத்துக்குமுன் இருபது நிமிடம் இப்படி ஒழுங்காக உடம்பைத் தயார்பண்ணுவதற்குப் பலன் உண்டா? நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் கால்பந்து ஆட்டக்காரர்கள் 1,892 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2008ல் வெளியானது. ஒரு சீசன் முழுக்க இதுபோன்ற பயிற்சிகளைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. 2025 கடைசியில் மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தபோது எங்கள் பக்கப் பிள்ளைகளிடம் நான் சொன்னது, ஆட்டம் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய் உட்காருங்கள் என்றுதான். இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றதைவிட, அதற்குமுன் அந்த அணியினர் எப்படி நகர்ந்து, குதித்து, சின்னச் சின்னதாய்ப் பாய்ந்து தயாரானார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். ஒருவர்கூட ரவுண்டு ஓடவில்லை.

வளர்ச்சி வேகம் பிடிக்கும் வயது தனிக் கவனம் கேட்கும். பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு, பையன்களுக்குப் பதினான்கு வாக்கில் உயரம் சட்டென்று ஏறும். எலும்பு முன்னால் ஓட, தசையும் தசைநாரும் பின்னால் இழுபடும். முட்டிக்குக் கீழே முடிச்சுப் போல வீங்கி வலிக்கும். குதிகாலிலும் வலி வரும். நேற்றுவரை அழகாகப் பந்தை எடுத்தவன் இன்று தடுமாறுவான். சோம்பேறி ஆகிவிட்டான் என்று திட்டுவோம். மாதம் ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்துவந்தாலே இது பிடிபடும். உயரம் வேகமாக ஏறும் மாதங்களில் குதிப்பதையும் கடும் பாய்ச்சலையும் குறைத்துவிட்டு, ஸ்டிக் வேலையையும் நிதானமான வலிமைப் பயிற்சியையும் வைக்கலாம். வலி குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உருவிவிடுபவரிடம் போகக் கூடாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் இரண்டு. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்கினால் முட்டித் தசைநார் கிழியும் ஆபத்து உண்டு; சின்னத் திண்ணையிலிருந்து இறங்கி, முட்டி பாதவிரலுக்கு நேராக நிற்கும்படி பழக்க வேண்டும். இரண்டாவது, இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆக, "ஸ்டாமினா இல்ல" என்று நாம் ஓடவிடும் பெண்ணுக்கு உண்மையில் தேவை இரத்தப் பரிசோதனையாக இருக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளாமல் விழுங்குகிறாளா என்று கேளுங்கள். சத்துணவு முட்டையை விடக் கூடாது. நாற்பது கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஐம்பது கிராமாவது புரதம் வேண்டும். முட்டை ஒன்றில் ஆறு கிராம்தான். மீதி நிலக்கடலை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, மோர். டப்பா வேண்டாம்.

இந்த ஊர் நமக்கு இலவசமாகத் தருவதும் உண்டு. மேடு. பத்து நொடி மேடேறிப் பாய்ந்து, நடந்து இறங்கி, மூச்சு சீரானபின் மறுபடி. சமதரைப் பாய்ச்சலைவிட மேட்டில் தரை தருகிற அடி குறைவு, தொடைக்கு வேலை அதிகம். கம்பம்மெட்டு ரோட்டில் மட்டும் வேண்டாம். காலையில் ஜீப்புகள் பறக்கும். ஊருக்குள்ளேயே கரடும் வாய்க்கால் கரைச் சரிவும் எத்தனையோ இருக்கின்றன. இறங்கும்போது ஓடக் கூடாது. ஆனி, ஆடியில் மலை இடுக்கு வழியாகக் காற்று சாத்தும்போது மைதானத்தில் பந்து நிற்காது, பாஸ் பயிற்சி வீண். அந்த நாட்களை எதிர்காற்றில் குட்டைப் பாய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் வீரபாண்டித் திருவிழா சமயத்துக் கோடை முகாம்களில் வேறு கணக்கு: எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று குடிக்கவிடாமல் தடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. முப்பது கிலோ பிள்ளை பயிற்சி முடியும்போது அறுநூறு கிராம் குறைந்திருந்தால் அதுவே அதிகம். உப்புப் போட்ட நீர்மோர் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, முதலமைச்சர் கோப்பை மாதிரிப் போட்டிகள் நெருங்கும்போது எல்லோரும் கேட்பது: அந்த வாரம் பயிற்சியைக் கூட்டவா, நிறுத்தவா? இரண்டும் வேண்டாம். வாரம் இரண்டு நாள் செய்த வலிமைப் பயிற்சியை ஒரு நாளாக்கி, எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் தொடைப் பின்தசைப் பயிற்சியைத் தொடவே வேண்டாம். பாய்ச்சல் இருக்கட்டும், ஆனால் நாலைந்தோடு சரி, நடுவில் முழு ஓய்வு. முந்தைய நாள் பஸ் பயணம் என்றால் ஏறுமுன் சாப்பாட்டுக்கு வழிபண்ணிவிடுங்கள். வழியில் பரோட்டாவுக்கு நிறுத்துவார்கள், பிள்ளைகள் அதைத்தான் கேட்கும். மேட்ச் முடிந்து ராத்திரி அதை வாங்கிக்கொடுக்கலாம், தப்பில்லை.